ஓநாய்க்குத் தெரிந்த தமிழ்

டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஜலஜாவுக்கு முட்டை கலக்கிய கரண்டியைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்த புதிதில், எதிர்வீட்டில் மீன் பொரித்த வாசனைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு ஊதுவத்தி கொளுத்தி வைத்தவள். அப்பேர்ப்பட்டவள் அறுபதை நெருங்குகிற வயதில் ஆட்டு ஈரலைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கி, விரலில் எடுத்து, ஓநாய்க் குட்டிகளின் வாயில் வைத்தாள் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தக் கதையில் சிரிக்கக் கிடைக்கிற இடம் அதிகமில்லை.

அவள் கணவர் பட்டாபிராமன் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். திருச்சியில் பெண் பார்த்து, தாலி கட்டி, ஹவுரா ஸ்டேஷனில் கொண்டுவந்து இறக்கினார். "ரிடையர் ஆனதும் கிளம்பிடலாம்" என்பது அந்த வீட்டில் வருஷக்கணக்காக ஓடிய பேச்சு. ரிடையரும் ஆனார், டாக்குரியாவில் ஃப்ளாட்டும் வாங்கினார், "இந்த வயசுல அங்க போய் யாரைத் தெரியும்?" என்று இங்கேயே தங்கியும் விட்டார். அப்புறம் ஒரு பூஜை விடுமுறையில், தெருமுனைப் பந்தலில் மேளம் அடித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒரே பெண் மதுவந்தி. பெங்காலித் தோழிகளோடு வளர்ந்து, பெங்காலிப் பையனையே கட்டிக்கொண்டு பூனாவில் இருக்கிறாள். தங்கமான பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழ் மட்டும் அவளுக்குக் காதில் ஏறும், வாயில் வராது. போனில் "மா, கேமோன் ஆச்சோ?" என்றுதான் ஆரம்பிப்பாள். "நன்னா இருக்கேன்டி" என்று இவள் தமிழில் சொன்னால் அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம் விழும். அந்த மௌனத்துக்குப் பயந்துகொண்டே ஜலஜா பெங்காலிக்கு மாறிவிடுவாள். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மெட்ராஸுக்கும் கோயம்புத்தூருக்கும் மூட்டை கட்டின. கடைசியாகக் கீழ்வீட்டு லக்ஷ்மியும் போனாள்.

புருஷன் போன துக்கத்தை எல்லோரும் விசாரித்தார்கள். கூடவே போன இன்னொன்றை யாரும் விசாரிக்கவில்லை. பட்டாபிராமனும் ஜலஜாவும் அப்படி ஒன்றும் கொஞ்சிக் குலாவிய தம்பதி அல்ல. காப்பியில் சர்க்கரை கூட, ரசத்தில் உப்புக் குறைச்சல், மின்விசிறியை யார் அணைத்தது என்று நாள் முழுக்கத் தொணதொணத்துக்கொண்டிருந்தவர்கள்தான். ஆனால் அத்தனையும் தமிழில். அவர் போனதும் வீட்டில் தமிழும் நின்றுபோயிற்று. ஒருநாள் பால் பொங்கி வழிந்தபோது தன் வாயிலிருந்து "ஏ மா!" என்று பெங்காலியில் சத்தம் வந்ததைக் கேட்டு ஜலஜா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

நாய்க்குட்டிகள் வந்தது அதற்கப்புறம். தெருவில் குட்டி போட்ட நாய் ஒன்று கரியாஹாட் ரோட்டில் ஆட்டோவில் அடிபட்டுச் செத்தது. கண் திறக்காத அதன் குட்டிகளை மாடிக்குத் தூக்கி வந்து, மருந்து சொட்டும் குழாயால் பால் புகட்டி, ஒன்றுவிடாமல் பிழைக்க வைத்தாள். விஷயம் பரவியது. பூனைக்குட்டி, அணில் குட்டி, ஒருமுறை கீரிப்பிள்ளைக் குட்டி என்று அவள் வாசலில் அட்டைப் பெட்டிகள் வர ஆரம்பித்தன. பெஹாலாவைத் தாண்டி இருந்த ஒரு விலங்குக் காப்பகத்தின் டாக்டர் சுதேஷ்ணா கேள்விப்பட்டு நேரில் வந்து பார்த்தாள். "மாஷிமா, இந்தக் கையை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?" என்றாள். மாஷிமா என்றால் நம் பெரியம்மா, சித்தி மாதிரி. மறுநாளிலிருந்து ஜலஜா சம்பளமில்லாத உத்தியோகத்துக்கு பஸ்ஸில் போய்வந்தாள்.

ஓநாய்க் குட்டிகள் ஒரு குளிர்காலத்தில் புருலியாவிலிருந்து வந்தன. கல் உடைக்கும் இடத்துக்காக ஒரு மேட்டை இயந்திரம் வைத்துத் தோண்டியபோது வளை இடிந்து, தாய் ஓடிவிட்டது. காய்கறிக் கூடையில் நாலு குட்டிகள், சாக்குக்கு அடியில், கறுப்பும் பழுப்புமாக, மூக்கு சப்பையாக. எலியா நாயா என்று சொல்லத் தெரியாத உருவம். குளிரில் விறைத்துப் போயிருந்தன. ஜலஜா தன் பையிலிருந்து பட்டாபிராமனின் குரங்குக் குல்லாயை எடுத்தாள். கல்கத்தாவுக்கு வந்த அடுத்த வருஷமே மனுஷன் பெங்காலிகளைப் போல நவம்பர் பிறந்ததும் அதைத் தலையில் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தவர். அந்தக் கம்பளிக் குல்லாய்க்குள் நாலையும் போட்டு, வெந்நீர்ப் பையோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் சுதேஷ்ணா அன்றைக்கே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். "இவை வளர்ப்பு நாய் அல்ல. பிழைத்தால் இவை மறுபடியும் காட்டுக்குப் போகவேண்டும். மனிதக் குரல் என்றால் பயந்து ஓடவேண்டும். ஓடாத ஓநாயை ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்றுவிடுவார்கள். அதனால் பெயர் வைக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது."

ஜலஜா தலையை ஆட்டினாள். பெயர் வைக்கவில்லை என்பது சத்தியம். தமிழில் அதற்குப் பெயர் என்னத்துக்கு? ஒரு டா, ஒரு டி போதும்.

கையில் எடுத்ததும் பேச்சு தானாக வந்தது. ஆட்டுப்பாலை இளஞ்சூட்டில் வைத்துக் குழாயை வாயில் கொடுக்கும்போதே, "மெதுவாடா, மெதுவா, யார் பிடுங்கிக்கப் போறா?" என்றாள். ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவி மூத்திரம் போகவைக்கும்போது, "ஆகட்டும், சீக்கிரம், எனக்கு வேற வேலையில்லையா?" என்றாள். பல காலமாக மூடிக்கிடந்த குழாயைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. முதல் வாரத்திலேயே ஒரு குட்டி போயிற்று. அடுத்தது, அவள் உள்ளங்கையில், "போகாதடி, இருடி" என்று அவள் சொல்லச் சொல்லப் போயிற்று. மிஞ்சியது ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அந்த இரண்டையும் எமனிடமிருந்து அவள் பிடுங்கிக்கொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

டாக்டர் ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தாள். "மாஷிமா! பேசக் கூடாது என்று சொன்னேனே?"

"பெங்காலியில் ஒரு வார்த்தை பேசவில்லையே," என்றாள் ஜலஜா, ஈரல் பிசைந்த கையோடு. "தமிழ்தானே பேசினேன்? புருலியாவில் எவன் தமிழ் பேசப்போகிறான்? இதுகள் ஆயுசு முழுக்க அங்கே சுற்றினாலும் காதில் விழாது."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண் கோப்பையில் வந்த டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தாள். "அதுவும் ஒரு கணக்குத்தான்" என்றாள். "இருந்தாலும் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னாள். குறைத்துக்கொள்ளச் சொன்னதை ஜலஜா அனுமதி என்று எடுத்துக்கொண்டாள். பேச ஏங்கியவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அதற்கப்புறம் அவள் வாய்க்குப் பூட்டே இல்லை. கரியாஹாட்டில் முருங்கைக்காய் விற்கிற விலை, மதுவந்தி இரண்டு நாளாகப் போன் செய்யாதது, பட்டாபிராமன் ஒருமுறை ட்ராமில் குடையை மறந்துவிட்டு வந்து அவள்மேல் பழி போட்டது, எல்லாம் அந்தக் குட்டிகளின் காதில் விழுந்தது. அவை நிமிராத காதை நிமிர்த்தக் கற்றுக்கொண்டதே அவள் குரலுக்குத்தான். நீலமாக இருந்த கண்கள் மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு மாறின. சாப்பாட்டு நேரத்தில் கம்பிக் கதவண்டை நின்று "வாங்கோடா, சாப்பிட வாங்கோ" என்று அவள் குரல் கொடுத்தால், எந்த மூலையில் இருந்தாலும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடிவரும். வாசலுக்கு வந்ததும் பெண் குட்டி அண்ணனைத் தள்ளிவிட்டு முன்னால் நிற்கும்.

கோடைக்குப் பிறகு புதர்கள் உள்ள பெரிய வேலியடைப்புக்கு மாற்றினார்கள். பயப்படக் கற்றுக்கொடுக்கும் வேலை அங்கே ஆரம்பமாயிற்று. காப்பகத்து ஆட்கள் கிராமத்தார் மாதிரி லுங்கி கட்டி, தோளில் துண்டு போட்டு, தகர டின்னைத் தட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். பெங்காலியில் ஓங்கிக் கத்துவார்கள், பட்டாசு கொளுத்திப் போடுவார்கள். தலைமை ஆள் ஹாருதாவுக்கு இயல்பிலேயே கட்டைக் குரல். அவர் ஒரு சத்தம் போட்டால் குட்டிகள் புதருக்குள் பாய்ந்து மூச்சுக் காட்டாமல் கிடக்கும். டாக்டருக்கு மிகவும் திருப்தி.

சாயங்காலம் ஜலஜா போவாள். பெண் குட்டிக்கு முன்னங்காலில் முள் ஏறிச் சீழ் பிடித்திருந்தது. அதற்கு மருந்து கலந்த கறியை அவள் கொடுத்தால்தான் தின்னும் என்பதால் அவள் வருகையை டாக்டர் நிறுத்தவில்லை. காலையிலிருந்து பதுங்கிக் கிடந்தவை அவள் பேச்சைக் கேட்டதும் வெளியே வரும். "பயந்துட்டேளா? அந்தத் தடியன் கத்தினானா? அம்மா வந்துட்டேனோல்லியோ?" என்பாள். ஊரே விரட்டினாலும் தன்னிடம் மட்டும் வருகின்றன என்பதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. பெங்காலி என்றால் அடி, தமிழ் என்றால் சாப்பாடு. இரண்டு பாடத்தையும் குட்டிகள் சுத்தமாகப் படித்துக்கொண்டிருந்தன. அங்கே இருந்தவர்களில் ஒருவராவது உட்கார்ந்து யோசித்திருக்கலாம். படித்த டாக்டரும் யோசிக்கவில்லை, வளர்த்தவளும் யோசிக்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஆண் ஓநாய் தயாராகிவிட்டது. பெண்ணின் கால் இன்னும் ஆறவில்லை. முதலில் ஆணை விடுவது, அவன் நன்றாக இருந்தால் வெயில் முற்றுவதற்குள் தங்கையை அவனிடத்திலேயே கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று. கழுத்தில் இருக்குமிடம் சொல்லும் பட்டை ஒன்றை மாட்டினார்கள். கூண்டு வண்டியில் ஏற்றும்போது ஜலஜா தூரத்தில் நின்றாள். வாய் திறக்கக் கூடாது என்று டாக்டர் அன்றைக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வண்டி கிளம்பிக் கேட்டைத் தாண்டியதும்தான் அவள், "போயிட்டு வாடா கண்ணா," என்றாள். வீட்டை விட்டுக் கிளம்புகிற பிள்ளையிடம் வெறும் போ என்று எப்படிச் சொல்வது?

அந்த இரண்டு மாதம்தான் அவள் வாழ்க்கையில் நல்ல காலம். டாக்டர் போன் செய்து சேதி சொல்வாள். முயல் அடித்தானாம். பலாச மரங்கள் உள்ள ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறானாம். ஊர்ப் பக்கமே போவதில்லையாம், மாடு மேய்க்கிறவன் குரல் கேட்டாலே வேறு திசையில் போய்விடுகிறானாம். ஜலஜா அத்தனையையும் கொண்டுபோய்ப் பெண் ஓநாயிடம் ஒப்பிப்பாள். "கேட்டியாடி, உங்கண்ணா முயல் பிடிச்சானாம். நீயும் போகப்போறே. கால் ஆறட்டும், போயிடலாம்." மதுவந்தியிடம்கூட ஒருநாள் போனில் தமிழிலேயே சொல்லிவிட்டாள். மதுவந்தி சிரித்தாள், "சூப்பர் மா" என்றாள்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியபோது பட்டை காட்டிய இடம் மாறியது. அவன் ஒரு சிற்றூரை ஒட்டியே நின்றான். பகலிலும் நின்றான். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மனிதர்கள் பக்கம் இவன் போகிறவன் இல்லையே," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்புறம் ஒருநாள் காலையில் பட்டை ஒரே இடத்தில் நின்றது, நகரவேயில்லை.

வனத்துறை ஆபீஸிலிருந்து டாக்டரைக் கூப்பிட்டார்கள். ஓநாயை ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்றுவிட்டார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் ஒரே குரலில், அது அங்கே கிணறு தோண்ட வந்த வெளியூர்க்காரர்கள் தீனி போட்டு வளர்த்த மிருகம், அவர்கள்தான் ஊருக்குள் கூட்டி வந்தார்கள் என்று சொல்கிறார்களாம். அந்த ஆட்களை உட்கார வைத்திருக்கிறார்கள், வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தி சரியாக வரவில்லை. "மாஷிமா, அவர்கள் திருச்செங்கோடு என்று ஏதோ ஊர் சொல்கிறார்களாம். தமிழ்க்காரர்கள். நீங்கள் வந்து மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும்," என்றாள் டாக்டர்.

ஜலஜா அன்றைக்கே கிளம்பினாள். ரயில் முழுக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். தன் பிள்ளையைக் கொல்ல வைத்தவன் யார் என்று பார்த்துவிடவேண்டும் என்கிற ஆத்திரம்தான் அவளை உட்கார வைத்திருந்தது.

ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெஞ்சில் முப்பது முப்பத்தைந்து வயதில் ஒருவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். போர்வெல் வண்டியின் மேனேஜர், பெயர் செந்தில்நாதன். ஜலஜா புடவையை இழுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, "என்னப்பா நடந்தது?" என்று கேட்டதும் அவன் விருட்டென்று நிமிர்ந்தான்.

"அம்மா, நீங்க தமிழுங்களா?" கண் தளும்பிவிட்டது அவனுக்கு. "இங்க யாருகிட்ட என்ன சொல்றதுன்னே தெரியலீங்கம்மா."

இத்தனை வருஷத்துக்கப்புறம் ஒரு மனுஷன் வாயிலிருந்து நேருக்கு நேர் தமிழ். ஜலஜாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த நேரத்திலா இந்தச் சந்தோஷம் வரவேண்டும் என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ரேஞ்சரும், பக்கத்தில் டாக்டரும் காத்திருந்தார்கள்.

"நாயின்னுதாங்க நெனச்சோம்," என்றான் செந்தில்நாதன். "கழுத்துல பட்டை வேற இருந்துச்சு. யாரோ வளத்த நாயி, வழி தவறிருச்சுன்னு நெனச்சோம். நாங்க கூப்புடவே இல்லீங்க. சாயங்காலம் எங்க சமையக்காரன் ராம்கி, 'வாங்கடா, சாப்பிட வாங்க'ன்னு பசங்களுக்குக் குரல் குடுப்பான். அது எங்கிருந்தோ ஓடியாந்து தள்ளி உக்காந்துக்கிச்சு. எலும்பப் போட்டோம். மக்யா நாளும் அதே நேரத்துக்கு வந்துச்சு."

ஜலஜா பெங்காலியில் சொன்னாள். நாய் என்று நினைத்தார்கள். கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தானாக வந்தது.

"அதிசயம் என்னன்னாங்கம்மா, இந்த ஊர்க்காரங்க பேச்சுக் கேட்டாப் போதும், புதருக்குள்ள போய்ப் பதுங்கிக்கும். நாங்க பேசுனா வெளிய வந்துரும். ராம்கிகூடச் சிரிப்பான், 'அண்ணா, இதுக்குத் தமிழ் தெரியும் போல'ன்னு."

ஜலஜாவின் கை முந்தானையைக் கசக்க ஆரம்பித்தது.

"என்ன சொல்கிறான்?" என்றார் ரேஞ்சர்.

செந்தில்நாதன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். "அன்னைக்குக் காலைல நெலத்துக்காரரப் பாக்க ஊருக்குள்ள நடந்தேன். அது என் பின்னாலயே வந்துருச்சு, நான் பாக்கலை. ஆடு கட்டியிருந்த எடத்துல ஒரு பொம்பள பாத்துட்டுக் கத்துச்சு. அவ்வளவுதான், தடி எடுத்துட்டு எல்லாரும் வந்துட்டாங்க. அடிக்காதீங்கன்னு எனக்குத் தெரிஞ்ச இந்தில கத்துனேன். அப்புறம் அதப் பாத்து, 'ஓடு, ஓடிப்போயிரு'ன்னு கத்துனேன். நான் கத்தக் கத்த அது என் காலுகிட்ட வந்து ஒட்டிக்கிச்சுங்கம்மா. எம் மூஞ்சியவே பாத்துச்சு. மேல விழுந்து மறைச்சிருக்கணும். எனக்குத் தைரியம் வரல." அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவன் பேசிய கொங்குத் தமிழும் ஜலஜாவின் வீட்டுத் தமிழும் ஒன்றல்ல. அந்த வித்தியாசமெல்லாம் ஓநாய்க்கு எதற்கு? ஓடு என்று சொன்னதும் தமிழ்தான், வா என்று சொன்னதும் தமிழ்தான். தமிழ் கேட்கிற இடத்தில் தன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றுதான் அதற்குத் தெரியும். பால் குடிக்கிற நாளிலிருந்து அதைச் சொல்லிக்கொடுத்தவள் இங்கே முந்தானையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாஷிமா, முழுவதும் சொல்லுங்கள்," என்றாள் டாக்டர்.

சொல்லாமல் இருக்கலாம். நாய் என்று நினைத்துத் தீனி போட்டார்கள் என்பதோடு நிறுத்தினால், பழி இந்தப் பையன் தலையில் விழும். கேஸ் நடக்கும். பெண் ஓநாயின் கால் ஆறிவிட்டது, அடுத்த வாரம் அதைக் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. இவள் வாயை மூடிக்கொண்டால் அது வெளியே போகும். வாயைத் திறந்தால் அது ஆயுசுக்கும் கம்பிக்குள்ளேதான். ஜலஜாவுக்கு அந்த இரண்டும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த மேனிக்கே துல்லியமாகத் தெரிந்தன. எதிரே செந்தில்நாதன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் என்ன சொல்லப்போகிறாளோ அதுதான் தன் கதி என்று தெரிந்தவனாக.

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். ராம்கி சிரித்துச் சொன்னதையும் சொன்னாள். பிறகு தன் பங்குக்கு, "இந்தப் பையன்மேல் ஒரு தப்பும் இல்லை. அதை நான்தான் தமிழ் பேசி வளர்த்தேன். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், கேட்காமல் பேசினேன்," என்று பெங்காலியில் ரேஞ்சருக்குச் சொன்னாள். ரேஞ்சர் ஒன்றும் புரியாமல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சுதேஷ்ணா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அவர்களை அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். செந்தில்நாதன் ஜலஜாவின் காலைத் தொட வந்தான். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது ரயிலில் ஜலஜா மெல்ல ஆரம்பித்தாள். "டாக்டர், நான் இனிமேல் காப்பகத்துக்கு வரவே மாட்டேன். பூனாவுக்குப் போய் மதுவந்தியோடு இருந்துவிடுகிறேன். என் குரலே அந்தப் பெண் குட்டிக்குக் கேட்கவேண்டாம். ஒரு வருஷம் கழித்து விடுங்கள், மறந்துவிடும்."

"மறக்காது, மாஷிமா." டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "அந்தப் பக்கமெல்லாம் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. கோடைக்குக் கோடை உங்கள் ஊர் போர்வெல் வண்டிகள் வந்துகொண்டுதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அவள் போய் நிற்பாள்." பிறகு ஜலஜாவின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் சொன்னபோது நானும் சிரித்தேன். டாக்டர் நான்தான். தடுத்திருக்கவேண்டியவள் நான்தான்." ஜலஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹவுரா வரை இருவரும் அப்படியே வந்தார்கள்.

பெண் ஓநாயை நிரந்தரமாக வேலிக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்று எழுத்தில் முடிவாயிற்று. ஜலஜா காப்பகத்துக்குப் போகவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தாள். சமைக்கவும் இல்லை, யாரோடும் பேசவும் இல்லை. மதுவந்தி பயந்துபோய் டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அதற்குள் டாக்டர் போன் செய்தாள். பெண் ஓநாய் சரியாகத் தின்னவில்லை, வேலியோரமாகவே நடந்துகொண்டிருக்கிறது, உடம்பு இளைத்துக்கொண்டு போகிறது. "வாருங்கள் மாஷிமா. இனிமேல் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். பேசினால் ஒரு கெடுதலும் இல்லை."

இதைக் கேட்க எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பாள் ஜலஜா! ஒளித்துப் பேசவேண்டாம், குறைத்துப் பேசவேண்டாம். அந்த வார்த்தைகள் காதில் விழுந்தபோது அவளுக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போனாள். ஹாருதா கறியை உள்ளே வைத்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்க்காமல் ஒதுங்கிப் போனார். பெண் ஓநாய் வேலியின் கடைசிக் கோடியில் நின்றது. விலா எலும்பு தெரிந்தது. தேய்ந்துபோன தடத்தில் போவதும் திரும்புவதுமாக இருந்தது. இவள் வாசனை கிடைத்ததும் நின்று, காதைத் தூக்கி, இவள் வாயையே பார்த்தது.

பேசத்தானே வந்திருக்கிறாள்? என்ன பேசுவது? முருங்கைக்காய் விலையைச் சொல்வதா? கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மனுஷர்கள் யாரிடமும் தமிழில் இதை அவள் இன்னும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இல்லை.

"உங்கண்ணா செத்துப்போயிட்டான்டி," என்றாள். "அடிச்சே கொன்னுட்டா. ஓடத் தெரியலை அவனுக்கு. நான்தான்டி ஓட விடாம பண்ணிட்டேன். உன்னையும் இனிமே விடமாட்டா. நீ சாகற வரைக்கும் இங்கேதான். நான்தான்டி, நான்தான் கெடுத்துட்டேன் உங்க ரெண்டு பேரையும்."

சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை பீறிட்டது. முதல் வார்த்தையிலேயே பெண் ஓநாய் ஓடி வந்துவிட்டது. உடம்பைத் தரையோடு தாழ்த்தி, காதைப் பின்னால் மடக்கி, குட்டியாக இருந்தபோது கத்தியதுபோல முனகிக்கொண்டு, வால் மட்டுமில்லாமல் இடுப்பே ஆட நின்றது. அவள் அழ அழ, கம்பிக்குள் மூக்கை விட்டு அவள் விரலையும் புறங்கையையும் நக்கியது. இத்தனை நாள் கழித்துத் தமிழ் கேட்டதில் அதற்கு அவ்வளவு சந்தோஷம்.